எதிராளிகிட்ட இன்சூரன்ஸ் இல்லையாம்... அப்போ செலவு யார் தலையில?

போன வாரம் ஒரு வளைகாப்பு. பந்தியில எனக்குப் பக்கத்து இலை எங்க சித்தப்பா. ரசம் ஊத்தச் சொல்லிட்டு, என் பக்கம் திரும்பி ஒரு இலவச ஆலோசனை.

"உன் கார் பழசாயிடுச்சுல்ல? இன்னும் எதுக்கு ஃபுல் இன்சூரன்ஸுக்குத் தண்டம் அழுவுற? தேர்டு பார்ட்டி போட்டு விடு. போலீஸ் புடிச்சா காட்டணும், அவ்ளோதானே?"

அவ்ளோதானே!

எனக்கு ரசம் இறங்கல.

பந்தியில பெரியவங்களோட மல்லுக்கட்டக் கூடாதுன்னு சொல்லிச் சொல்லி வளர்த்திருக்காங்க. அதனால அங்க சிரிச்சு வெச்சுட்டு இங்க வந்து உங்ககிட்ட கொட்டுறேன். (சித்தப்பா இதைப் படிக்க மாட்டார். அவர் படிக்கிறதெல்லாம் வாட்ஸ்அப் ஃபார்வர்டு மட்டும்தான்.)

கோவத்துக்குக் காரணம் இருக்கு. அந்த "போலீஸுக்குக் காட்டுற பேப்பர்" இன்னொருத்தர்கிட்ட இல்லாததால, சில மாசம் முன்னாடி நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

பள்ளிக்கரணை பக்கம் ஒரு சிக்னல். சிவப்பு விழுந்திருக்கு. நான் நிக்கிறேன். நல்லா கவனிங்க, நிக்கிறேன். பின்னாடியிருந்து டமார்!

தண்ணி கேன் ஏத்தின குட்டி யானை. ஓட்டிட்டு வந்த தம்பிக்கு மீசை சரியா முளைக்கல. "சாரிக்கா, பிரேக் புடிக்கல"ன்னான். அதுக்குள்ள ஒரு கூட்டம். அதுல ஒரு பெரியவர், என்ன நடந்துச்சுன்னே பார்க்காம, "லேடீஸ் ஓட்டினாலே இப்படித்தான்"னு தீர்ப்பு சொல்லிட்டார். ஐயா, நான் ஓட்டவே இல்ல, நின்னுட்டிருந்தேன்!

எனக்கு ஒண்ணும் ஆகல. கழுத்து கொஞ்சம் வலிச்சது. பம்பர் பிளந்துடுச்சு, டிக்கி ஒடுங்கிடுச்சு.

எம்பரிவாகன் ஆப்ல அந்த வண்டி நம்பரைப் போட்டுப் பார்த்தேன். (உங்க போன்ல இல்லன்னா இப்பவே ஏத்திக்கோங்க. எந்த வண்டி நம்பரைப் போட்டாலும் இன்சூரன்ஸ் எந்தத் தேதி வரைக்கும்னு காட்டும். அரசாங்கத்தோட ஆப்தான், காசு கிடையாது.) அந்தக் குட்டி யானையோட இன்சூரன்ஸ் எப்பவோ செத்துப்போயிருந்தது.

ஓனருக்குப் போன் போட்டேன்.

"மேடம், எஃப்.சி.க்கு விடும்போது சேர்த்துப் போட்டுக்கலாம்னு இருந்தோம்..."

இதைக் கேட்டதும் எனக்கு ஒண்ணு புரிஞ்சது. அந்த ஓனரும் எங்க சித்தப்பாவும் ஒரே கட்சி. ரெண்டு பேருக்கும் இன்சூரன்ஸ்ங்கிறது யார்கிட்டயோ காட்டுறதுக்கான காகிதம். ஒருத்தருக்குப் போலீஸ், இன்னொருத்தருக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸ்.

சரி, இப்போ என் பம்பருக்கு யார் காசு கொடுப்பா?

நிறைய பேர் நினைக்கிற மாதிரி நானும் கேட்டுப் பார்த்தேன்: "ஒருவேளை அவன்கிட்ட இன்சூரன்ஸ் இருந்திருந்தா, அந்தக் கம்பெனிக்குப் போன் பண்ணி வாங்கியிருக்கலாமோ?" எனக்குத் தெரிஞ்ச வக்கீல் அக்கா ஒருத்தங்க சிரிச்சாங்க. வெளிநாட்டுப் படத்துல வர்ற மாதிரி ரெண்டு டிரைவரும் நம்பர் மாத்திக்கிட்டு, அவன் கம்பெனி என் வண்டியைச் சரி பண்ணிக் கொடுக்கிற கதை இங்க பெரும்பாலும் நடக்காதாம். எதிராளியோட இன்சூரன்ஸ்ல இருந்து பணம் வாங்கணும்னா மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துல மனு போடணும். சொத்து சேதத்துக்கு 7.5 லட்சம் வரைக்கும் அந்தப் பாலிசி தாங்கும். வாங்கலாம்தான். ஆனா ஒரு பம்பருக்காக வக்கீல் வெச்சு, வாய்தாவுக்கு வாய்தா லீவு போட்டு... நீங்களே சொல்லுங்க.

அப்போ வண்டி சேதத்தைப் பொறுத்தவரைக்கும் அவன்கிட்ட இன்சூரன்ஸ் இருந்தாலும் இல்லாட்டியும் நான் போய் நிக்க வேண்டிய இடம் ஒண்ணுதான்: என்னோட பாலிசி. அதுல இருக்கிற ஓன் டேமேஜ் பகுதி. யார் மேல தப்புன்னு பார்க்காம என் வண்டிக்கு என் கம்பெனி கொடுக்கும். கொடுத்துட்டு, வேணும்னா இடிச்சவன்கிட்ட அவங்க வசூல் பண்ணிக்கலாம். அது அவங்க பாடு.

(இங்க ஒரு எச்சரிக்கை. ரோட்லயே ஒரு பேப்பரை நீட்டி, "எனக்கு எந்தப் புகாரும் இல்லை, எந்த இழப்பீடும் வேண்டாம்"னு எழுதி கையெழுத்துக் கேப்பாங்க. போட்டுடாதீங்க. நீங்க விட்டுக்கொடுக்கிறது உங்க உரிமையை மட்டுமில்ல, நாளைக்கு உங்க கம்பெனி அவன்கிட்ட வசூல் பண்ற உரிமையையும் சேர்த்துத்தான். "பணம் வந்ததும் கையெழுத்து"ன்னு சொல்லுங்க, மூஞ்சி மாறும் பாருங்க.)

ஆஹா, என் பாலிசி இருக்கே, கிளெய்ம் போட்டுட வேண்டியதுதானேன்னு ஷெட்டுக்குப் போனேன். அங்கதான் கணக்கு வாத்தியார் மாதிரி ஒரு சூப்பர்வைசர் உட்கார்ந்திருந்தார்.

"மேடம், கிளெய்ம் போடுறதுக்கு முன்னாடி ஒரு காகிதம் எடுங்க."

எடுத்தேன். நீங்களும் எடுங்க.

மொத்த பில் 11,000. அதுல பம்பர் 5,000. மீதி 6,000 டிங்கரிங், பெயிண்டிங்.

பம்பர் பிளாஸ்டிக். பிளாஸ்டிக், ரப்பர் சாமானுக்கெல்லாம் தேய்மானம் 50 சதவீதம்னு வெச்சிருக்காங்க. அதனால பம்பருக்கு 2,500தான் வரும். (ஜீரோ டெப் எடுத்திருந்தா இந்த வெட்டு கிடையாது. ஆனா என் வண்டிக்கு வயசாயிட்டதால ஜீரோ டெப் தர மாட்டோம்னுட்டாங்க.) அப்புறம் 1,500 சிசி வரைக்கும் உள்ள காருக்கு ஒவ்வொரு கிளெய்முக்கும் 1,000 ரூபாய் நம்ம கையிலிருந்து போகும். பெயிண்ட்லயும் கொஞ்சம் கழிப்பாங்க. ஆக எனக்கு வரப்போறது 7,500-க்குள்ள.

இப்போ அந்தப் பக்கம் போறது எவ்ளோன்னு பாருங்க.

கிளெய்ம் போடாம ஓட்டினா நோ கிளெய்ம் போனஸ். முதல் வருஷம் 20 சதவீதம், அப்புறம் 25, 35, 45, கடைசியா 50. நான் 50-ல இருக்கேன். என்னோட ஓன் டேமேஜ் பிரீமியம் 12,000னா, தள்ளுபடி போக 6,000தான் கட்டுறேன். ஒரு கிளெய்ம் போட்டா பரமபதத்துல பாம்பு கொத்தின மாதிரி சர்ருனு கீழ வந்து பூஜ்யத்துல நிப்பேன். அடுத்த வருஷம் முழு 12,000. 6,000 நஷ்டம். அதுக்கடுத்த வருஷம் 20 சதவீதம் போக 9,600; நஷ்டம் 3,600. அப்புறம் 3,000. அப்புறம் 1,800. அப்புறம் 600. மறுபடி 50-க்கு ஏறி முடிக்கிறதுக்குள்ள மொத்தம் 15,000 போயிருக்கும்!

(வண்டி மதிப்பு வருஷா வருஷம் இறங்குறதால பிரீமியமும் கொஞ்சம் இறங்கும். அதனால 15,000ங்கிறது கொஞ்சம் குறையலாம். ஆனா 7,500-க்கு வராது.)

7,500 வாங்குறதுக்கு 15,000 கொடுக்கணும். இதுக்கு நான் பேசாம தண்ணி கேன் வியாபாரம் பண்ணலாம்.

கிளெய்ம் போடல. கைக்காசுலயே சரி பண்ணிட்டேன். அந்த ஓனர்கிட்டயிருந்து 2,000 ரூபாய் ஜிபேல வந்தது. அப்புறம் அந்த நம்பர் நாட் ரீச்சபிள் ஊருக்குக் குடிபோயிடுச்சு.

"அப்போ சித்தப்பா சொன்னது சரிதானே?"ன்னு நீங்க கேக்குறது எனக்குக் கேக்குது. பழைய வண்டி, சின்ன ஒடுக்கு, கிளெய்ம் போடவும் கட்டுப்படியாகல. எதுக்கு ஓன் டேமேஜ்?

பாதி சரி. ஒத்துக்குறேன். (வளைகாப்புல ஒத்துக்க மாட்டேன்.) சின்ன அடிக்கு ஓன் டேமேஜ் பெருசா உதவாது. வண்டியே நசுங்கிப்போனாதான் அதோட அருமை தெரியும். ரிப்பேர் செலவு வண்டியோட இன்சூரன்ஸ் மதிப்புல 75 சதவீதத்தைத் தாண்டினா, முழு நஷ்டம்னு கணக்கு வெச்சு அந்த மதிப்பைக் கொடுப்பாங்க. 4 லட்சம் மதிப்புள்ள வண்டி போனா உங்களால தாங்க முடியுமா, முடியாதா? முடியும்னா எடுக்காதீங்க. முடியாதுன்னா எடுங்க. அவ்வளவுதான் விஷயம்.

ஆனா அவர் சொன்ன மீதிப் பாதி இருக்கே, அந்த "அவ்ளோதானே", அதுதான் தப்பு. ஏன்னா அன்னிக்கு எனக்குப் பம்பர்தான் உடைஞ்சது. இடுப்பு உடைஞ்சிருந்தா?

அந்தக் கேள்வி மண்டைக்குள்ள புகுந்ததும், வக்கீல் அக்காவை மறுபடி புடிச்சேன். பாவம், டீ குடிக்க வந்தவங்க.

உடம்புல அடின்னா கதையே வேற. இடிச்ச வண்டிக்குத் தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் இருந்தா, சாவு, காயம் ரெண்டுக்கும் உச்சவரம்பே கிடையாது. தீர்ப்பாயம் எவ்ளோ சொல்லுதோ அவ்ளோ அந்தக் கம்பெனி கட்டணும். நம்ம வயசு, சம்பளம், எவ்ளோ ஊனம், எத்தனை பேர் நம்மளை நம்பியிருக்காங்கன்னு பார்த்துக் கணக்குப் போடுவாங்க. கம்பெனியில பணம் இருக்கும். வரும்.

இன்சூரன்ஸ் இல்லன்னா? அதே தீர்ப்பாயம், அதே கணக்கு. ஆனா கட்டச் சொல்றது ஓனரையும் டிரைவரையும்.

அந்தத் தம்பியோட மொத்தச் சொத்து ஒரு செல்போன். ஓனருக்கு அந்தக் குட்டி யானை, அதுவும் லோன்ல. 20 லட்சம்னு தீர்ப்பு வந்தா நான் அதை ஃபிரேம் போட்டு மாட்டிக்கலாம்.

சட்டம் சும்மா இல்ல, அதையும் சொல்லணும். தீர்ப்புப் பணத்தைக் கட்டலைன்னா தீர்ப்பாயத்துல சர்டிபிகேட் வாங்கலாம். கலெக்டர் அதை நிலவரி பாக்கி மாதிரி வசூல் பண்ணணும். மோட்டார் வாகனச் சட்டம் 174-வது பிரிவு. ஆனா வசூல் பண்றதுக்கு ஏதாவது இருந்தாத்தானே கலெக்டரும் வசூல் பண்ணுவார்.

இதைவிட உருப்படியான ஒரு விஷயம் உண்டு, இது நிறைய பேருக்குத் தெரியல. 2018-ல உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் ஒரு உத்தரவு போட்டது. இன்சூரன்ஸ் இல்லாத வண்டி விபத்துல மாட்டினா, ஓனர் போதுமான ஜாமீன் கட்டாம வண்டியை வெளிய விடக் கூடாது. 3 மாசம் ஆகியும் கட்டலைன்னா வண்டியை ஏலம் விட்டு, அந்தப் பணத்தைத் தீர்ப்பாயத்துல போடணும். பாதிக்கப்பட்டவங்களுக்கு அதிலிருந்து கிடைக்கும்.

அதனால ஆளுக்கு அடி பட்டிருந்தா, "பேசித் தீர்த்துக்கலாம்"ங்கிற பேச்சே வேண்டாம். எஃப்.ஐ.ஆர். போடச் சொல்லுங்க. அந்த வண்டிக்கு இன்சூரன்ஸ் இல்லைங்கிறதை ஸ்டேஷன்ல எழுத்துல கொடுங்க. வண்டி ஒருதடவை வெளிய போயிட்டா, அதுல வர வேண்டியதும் அதோட போயிடும்.

மனு எங்க போடுறதுன்னு கவலைப்பட வேண்டாம், நீங்க குடியிருக்கிற ஊர்லயே போடலாம். விபத்து ஆந்திராவுல நடந்தாலும் சரி. ஆனா ஆற அமரப் போட்டுக்கலாம்னு உட்காராதீங்க. 6 மாசத்துக்குள்ள போடணும்னு சட்டத்துல சேர்த்திருக்காங்க.

இன்னொரு கூத்து கேளுங்க. இடிச்சுட்டு நிக்காம ஓடிட்டான், வண்டி எதுன்னே தெரியலன்னா அரசாங்கமே ஒரு இழப்பீடு கொடுக்குது. சாவுக்கு 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50,000. 2022 ஏப்ரல்ல இருந்து இந்தத் தொகை. (அதுக்கு முன்னாடி 25,000-உம் 12,500-உம்தான். வயிறு எரியுது.) ஆனா வண்டி தெரியும், ஓனர் தெரியும், இன்சூரன்ஸ்தான் இல்லன்னா? அந்தத் திட்டம் பொருந்தாது. இடிச்சுட்டு யோக்கியமா நின்னவனால நமக்குக் கிடைக்கிறது ஓடிப்போனவனால கிடைக்கிறதைவிடக் கம்மியா இருக்கலாம். என்னத்த சொல்ல.

நல்ல செய்தியும் இருக்கு, அதையும் சொல்லிடுறேன், இல்லன்னா தூங்க மாட்டீங்க. உடனடி வைத்தியச் செலவுக்கு யார்கிட்ட இன்சூரன்ஸ் இருக்குன்னு யாரும் கேக்க வேண்டியதில்ல. தமிழ்நாட்டுல "இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48" திட்டம் 2021 டிசம்பர்ல மேல்மருவத்தூர்ல தொடங்கினது. விபத்து நடந்த முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம், ஆளுக்கு 1 லட்சம் வரைக்கும்னு ஆரம்பிச்சாங்க. 2025 மே மாசம் மத்திய அரசும் ஒரு திட்டம் கொண்டுவந்தது: 7 நாள் வரைக்கும், 1.5 லட்சம் வரைக்கும். ரெண்டும் திட்டத்துல சேர்ந்த ஆஸ்பத்திரிகள்ல மட்டும். நல்ல விஷயம், மனசாரப் பாராட்டுறேன்.

ஆனா 8-வது நாள்? 80-வது நாள்? வேலைக்குப் போக முடியாத ஆறு மாசம்? அதுக்குப் பதில் நம்மகிட்டதான் இருக்கணும்.

சில நாடுகள்ல இன்சூரன்ஸ் இல்லாத டிரைவர் இடிச்சா நம்ம கம்பெனியே நமக்கு இழப்பீடு தர்ற மாதிரி தனியா ஒரு கவர் உண்டு. அமெரிக்காவுல பல மாநிலத்துல அது கட்டாயம். நம்ம ஊர்ல அந்தப் பேர்ல ஒண்ணும் கிடையாது. நாமதான் துண்டு துண்டா வாங்கி ஒட்டுப்போடணும். அதைத்தான் அப்புறம் உட்கார்ந்து பண்ணேன்.

முதல் துண்டு: ஓனர்-டிரைவர் தனிநபர் விபத்துக் காப்பீடு. இது கட்டாயம். சாவு, நிரந்தர முழு ஊனத்துக்கு 15 லட்சம். முன்னாடி பைக்குக்கு 1 லட்சம், காருக்கு 2 லட்சம்னு சொற்பமா இருந்தது. நம்ம சென்னை உயர் நீதிமன்றம்தான் 2017-ல இதை உயர்த்தச் சொன்னது. 2018-ல இருந்து நாடு முழுக்க 15 லட்சம் ஆச்சு.

சூப்பர், எனக்கு 15 லட்சம் இருக்குன்னு பாலிசியை எடுத்து முழுசாப் படிச்சேன். (ஆமாங்க, படிச்சேன். அந்த எறும்பு எழுத்தை.)

எனக்கு இல்லையாம்!

ஆர்.சி. எங்க வீட்டுக்காரர் பேர்ல. பாலிசியும் அவர் பேர்ல. வண்டியோட பதிவு ஓனர்தான், அவர்கிட்ட லைசென்ஸும் இருந்தாத்தான், இந்த 15 லட்சம். அதாவது தினமும் ஓட்டுற எனக்கு ஒண்ணும் கிடையாது. ஞாயித்துக்கிழமை பக்கத்து சீட்ல உட்கார்ந்து "பிரேக், பிரேக்"னு கத்துற மனுஷனுக்குத்தான் உண்டு!

எத்தனை வீட்ல அப்பா பேர்ல வண்டி, ஓட்டுறது பையன்? புருஷன் பேர்ல ஸ்கூட்டி, ஓட்டுறது பொண்டாட்டி? எல்லார் வீட்லயும் இந்த ஓட்டை இருக்கு. இன்னிக்கே ஆர்.சி.யை எடுத்து யார் பேர்னு பாருங்க.

ரெண்டாவது துண்டு, இந்த ஓட்டையை அடைக்கிறது: தனியா ஒரு விபத்துக் காப்பீடு, நம்ம பேர்ல. இது வண்டியோட ஒட்டினது இல்ல, ஆளோட ஒட்டினது. சொந்த கார், பக்கத்து வீட்டு ஸ்கூட்டர், ஷேர் ஆட்டோ, ரோட்டைக் கடக்கிறது, எங்க அடி பட்டாலும் செல்லும். இடிச்சவன்கிட்ட பேப்பர் இருக்கான்னு யாரும் கேக்கப்போறதில்ல. எடுக்கும்போது சாவுக்கு எவ்ளோன்னு மட்டும் பார்க்காம, பகுதி ஊனத்துக்கு எவ்ளோ, வேலைக்குப் போக முடியாத வாரங்களுக்கு எவ்ளோன்னு கேளுங்க. விபத்துல பொழைச்சு வீட்ல கிடக்கிற மாசங்கள்தான் குடும்பத்தை மொட்டை அடிக்கும்.

(15 லட்சத்துக்கு இப்படி ஒரு தனி பாலிசி ஏற்கெனவே இருந்தா, வண்டி இன்சூரன்ஸோட அந்தக் கட்டாய கவரை மறுபடி வாங்கத் தேவையில்ல. 2019-ல இருந்து விதி அப்படி. ஏஜென்ட் தானா சொல்ல மாட்டார்.)

மூணாவது துண்டு: கூட வர்றவங்க. வெறும் தேர்டு பார்ட்டி பாலிசியில, நம்ம கார்ல உட்கார்ந்து வர்ற குடும்பத்துக்கும், பைக் பின்னாடி உட்கார்ந்து வர்றவங்களுக்கும் பாதுகாப்பு கிடையாது. ஃபுல் பாலிசியில உண்டு. சித்தப்பா கட்சிக்காரங்க இதைக் கவனிக்கணும். அதுக்கு மேல, பேர் குறிப்பிடாத பயணிகளுக்குன்னு ஒரு கூடுதல் கவர் போட்டுக்கலாம், தலைக்கு 2 லட்சம் வரைக்கும். பெரிய காசு இல்ல. மாமியாரை வெச்சு ஓட்டுறவங்க கட்டாயம் போடுங்க. (எங்க மாமியார் இதைப் படிப்பாங்க. வணக்கம் அத்தை.)

நாலாவது, மருத்துவக் காப்பீடு. இதுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்ல.

பழைய கார் வாங்குறவங்களுக்கு இடையில ஒரு வார்த்தை. "இன்சூரன்ஸ் ஓடிட்டிருக்கு சார்"னு விக்கிறவர் சொல்வார். தேர்டு பார்ட்டி தானா உங்களுக்கு வந்துடும். ஓன் டேமேஜ் வராது. 14 நாளைக்குள்ள உங்க பேருக்கு மாத்தச் சொல்லி கம்பெனிக்கு எழுதணும். ஆர்.சி. மாத்துறதுக்கு ஓடுற ஓட்டத்துல இதை எல்லாரும் மறந்துடுறாங்க.

இனி ரோட்ல நடக்கிறதுக்கு என் வழக்கம் சொல்றேன், பிடிச்சதை எடுத்துக்கோங்க.

முன்னாடியும் பின்னாடியும் டேஷ்கேம். "லேடீஸ் ஓட்டினாலே" பெரியவர்களுக்கு இதைவிட நல்ல பதில் இல்ல.

இடிச்ச உடனே வாய்ச்சண்டைக்கு முன்னாடி போட்டோ. நம்பர் பிளேட், ரெண்டு வண்டியும் நிக்கிற நிலை, டிரைவரோட லைசென்ஸ். வண்டியை ஓரம் கட்டினதுக்கு அப்புறம் எடுக்கிற போட்டோ எதையும் நிரூபிக்காது.

சின்ன சேதம்னாலும் ஸ்டேஷன்ல ஒரு மனு கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்கி வெச்சுக்கோங்க. கழுத்து வலி மறுநாள்தான் வரும்.

கிளெய்ம் போடுறதா இல்லையான்னு முடிவு பண்ணலைன்னாலும், நம்ம கம்பெனிக்கு உடனே தகவல் சொல்லுங்க. ஷெட்ல பிரிச்சுப் பார்த்தா உள்ள என்ன இருக்குமோ, யார் கண்டது.

இவ்ளோ ஏன் பண்ணணும்னா, நம்ம நாட்டு ரோட்ல ஓடுற வண்டிகள்ல பாதிக்கு மேல இன்சூரன்ஸ் இல்லாத வண்டின்னு நாடாளுமன்றக் குழுவே சொல்லியிருக்கு. அதுல பெரும்பங்கு டூவீலர். இது எப்படி ஆகுதுன்னு ஒரு சந்தேகம் இருந்தது. புது வண்டி வாங்கும்போது ஷோரூம்லயே போட்டுத்தானே விடுறாங்க?

போட்டுத்தான் விடுறாங்க. கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனை எலும்பு டாக்டர் எஸ்.ராஜசேகரன், சாலை விபத்து பத்தி உச்ச நீதிமன்றத்துல பொதுநல வழக்குப் போட்டார். அந்த வழக்குலதான் 2018-ல உத்தரவு வந்தது: அந்த செப்டம்பர்ல இருந்து விக்கிற புது காருக்கு 3 வருஷம், புது பைக்குக்கு 5 வருஷம் தேர்டு பார்ட்டி சேர்த்தே போடணும். தினம் தினம் உடைஞ்ச எலும்பைப் பார்க்கிற ஒருத்தர் கோர்ட்டுக்குப் போனதால வந்த நல்லது. ஆனா அந்த 5 வருஷம் முடிஞ்சதும் யாரும் ஞாபகப்படுத்துறதில்ல. வண்டி ஓடுது, பெட்ரோல் போடுறோம், அவ்ளோதானே.

110 சிசி ஸ்கூட்டருக்கு ஒரு வருஷ தேர்டு பார்ட்டி, 2022 ஜூன்ல அறிவிச்ச கட்டணப்படி 714 ரூபாய். வரி தனி. மாசம் 60 ரூபாய். இல்லாம மாட்டினா அபராதம் முதல் தடவை 2,000, மறுபடி மாட்டினா 4,000, மூணு மாசம் வரைக்கும் ஜெயிலும் உண்டு. பேப்பர் முடிஞ்ச நாள் ராத்திரி 12 மணியோட பாதுகாப்பும் முடிஞ்சுது. அதுக்கு மறுநாள் ஒருத்தரை இடிச்சா, வீட்டை வித்தாலும் பத்தாது.

வளைகாப்பு முடிஞ்சு வீட்டுக்கு வந்ததும் குடும்பத்து வண்டி நம்பரையெல்லாம் ஆப்ல தட்டினேன். எங்க அப்பாவோட பழைய மொபெட் சிக்கிச்சு. "நான் பால் வாங்கத்தானே போறேன்"னார். அப்பா, தெருமுனையில பால் வாங்கப் போற வண்டி இடிச்சாலும் கால் உடையும். 75 சிசி வரைக்கும் 538 ரூபாய்தான். உட்கார வெச்சு போன்லயே போட்டு முடிச்சேன்.

கடைசியா, "இவ்ளோத்தையும் வாங்க எங்ககிட்ட காசு ஏது?"ன்னு கேக்குறவங்களுக்கு என் வரிசை இது.

முதல்ல உங்க வண்டியோட தேர்டு பார்ட்டி. அது சட்டத்துக்கும், நீங்க இடிக்கப்போற அந்த முகம் தெரியாத மனுஷனுக்கும். அடுத்து மருத்துவக் காப்பீடு. அடுத்து, வீட்ல யார் சம்பாதிக்கிறாங்களோ, யார் ஓட்டுறாங்களோ, அவங்க ஒவ்வொருத்தர் பேர்லயும் விபத்துக் காப்பீடு. அதுக்கப்புறம் மிச்சம் இருந்தா ஓன் டேமேஜ், கூட வர்றவங்களுக்கான கவர், ஜீரோ டெப் எல்லாம். உடம்புக்குப் போட்டதுக்கு அப்புறம்தான் பம்பருக்கு.

ஏஜென்ட்டுங்க இந்த வரிசையைத் தலைகீழாத்தான் விப்பாங்க. நீங்க நேரா வாங்குங்க.